மாணிக்கப்பாவின் வேற்றுலக ஆராய்ச்சி

வானத்துல நம்மளை மாதிரி மூளையுள்ள ஜீவன் ஒண்ணுகூட ஏன் இன்னும் அகப்படலைன்னு கேட்டா, பெரிய படிப்பு படிச்சவங்களே தாடையைத் தடவுவாங்க. மாணிக்கவாசகம் தடவ மாட்டாரு. மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில பிளாஸ்டிக் வாளி செய்யற ஒரு கம்பெனியில அவரு ஃபிட்டர். கம்பெனி கேட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடைதான் அவரோட ஆராய்ச்சிக்கூடம். அங்க போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, டீ ஆறி ஆடை கட்டற வரைக்கும் பதில் வரும்.

எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை கன்னடப் பேப்பரால வந்த வினை. அமெரிக்காவுல வயக்காட்டு அகலத்துக்கு இரும்புக் கிண்ணத்தைக் கட்டி, வானத்தைப் பாக்க நிமித்தி வச்சு, எங்கயாச்சும் யாராச்சும் பேசறாங்களான்னு காது கொடுத்துக் கேக்கறாங்கன்னு அதுல படம் போட்டு எழுதியிருந்தாங்க. மறு வருஷமே, இதெல்லாம் தண்டச் செலவுன்னு அந்த ஊரு அரசாங்கம் கையை விரிச்சிருச்சுன்னு இன்னொரு துணுக்கு வந்துச்சு. அமெரிக்காக்காரன் விட்ட இடத்துல நம்ம ஆளு பிடிச்சுக்கிட்டாரு. மொத்தச் செலவு ஒரு டீ.

முதல்ல தூரம்தான் காரணம்னாரு. அப்புறம், அவங்க நம்மளை எட்டிப் பாத்துட்டு, இதுங்ககிட்ட என்ன பேச்சுன்னு திரும்பிப் போயிட்டாங்கன்னாரு. அதுல கொஞ்சம் உண்மை இருந்தாலும் இருக்கலாம். கடைசியா ஒரு சித்தாந்தத்துல வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. புத்திசாலி வாயைத் திறக்க மாட்டான். திறந்தா அவன் இருக்கற இடம் தெரிஞ்சு அடுத்தவன் வந்து நொறுக்கிடுவான். வானம் பூரா ஆளுங்கதான். அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சு, அடுத்தவன் பேசறானான்னு மட்டும் கேட்டுக்கிட்டிருக்காங்க. எல்லாரும் கேட்டா எவன் பேசறது? இதைச் சுத்தமான கன்னடத்துல சொல்லிட்டு, அவரே தலையை ஆட்டிக்குவாரு.

நல்ல சித்தாந்தம்தான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா இதுக்காக அந்த மனுஷன் வானத்தை அண்ணாந்து பாத்திருக்கவே வேண்டாம். கழுத்துச் சுளுக்குதான் மிச்சம். தன் வீட்டுச் சுவத்தைப் பாத்திருந்தா போதும்.

மாணிக்கவாசகம் பிறந்தது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஹனூர் பக்கம் கௌதள்ளி. அங்க ஆடு மாட்டைத் தவிர எல்லாருக்கும் ரெண்டு பாஷை, வீட்டுக்குத் தமிழ், சந்தைக்குக் கன்னடம். மீசை முளைச்ச வயசுல மைசூருக்கு வந்து, காந்திநகர்ல நம்ம தமிழ்ச் சனங்களுக்கு நடுவுல குடியிருந்து, சரசுவைக் கட்டி, அஷ்வினியைப் பெத்து, குழாயடிச் சண்டைக்கும் கொறை வைக்காம நல்லாத்தான் இருந்தாரு. தொண்ணூத்தொண்ணு டிசம்பர்ல காவிரித் தண்ணிக்காக ஊரு பத்திக்கிச்சு. நிஜமாவே அடிபட்டவங்க, கட்டின துணியோட ஓடினவங்க பல பேரு. அவங்க கதை வேற, அதுல கை வச்சு விளையாட எவனுக்கும் வாய் வரக் கூடாது. மாணிக்கவாசகத்துக்கு நடந்தது என்னன்னா, அவரு சைக்கிள்ல யாரோ காத்தைப் பிடுங்கி விட்டிருந்தாங்க. வருஷம் பூரா பக்கத்து வீட்டு வாலுப் பசங்கதான் பிடுங்குவாங்க. ஆனா அந்த டிசம்பர்ல அதை யாரு நம்பறது? பயம்னு ஒண்ணு உள்ள வந்து உக்காந்துட்டா, காத்துப் போன டயரும் கலவரம்தான்.

பொங்கல் முடிஞ்ச கையோட கே.ஜி. கொப்பல்ல ஒரு லைன் வீட்டுக்கு மாறிட்டாரு. முன்னாடி பெரிய வீட்டுல வீட்டுக்காரம்மா சொர்ணலதா இருந்தாங்க. கன்னடக்காரம்மா, புருஷன் காலமான பிறகு கௌரின்னு ஒரு பசுதான் அவங்களுக்குத் துணை. பின்னாடி ஒரே சுவத்தை ரெண்டு ரெண்டு வீடு பங்கு போட்டுக்கிட்டு வரிசையா வாடகை வீடுங்க. புது வீட்டுல பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே மாணிக்கவாசகம் சட்டம் போட்டாரு. வாசப்படி தாண்டினா தமிழ் கூடாது. ரேடியோவுல தமிழ் வச்சா, காதை ஒட்டி வச்சாத்தான் கேக்கணும். தமிழ் வாரப் பத்திரிகை கன்னடப் பேப்பருக்குள்ள சுருண்டுதான் வீட்டுக்குள்ள வரணும். பேரையும் விட்டு வைக்கலை. மாணிக்கவாசகம்னு முழுசா சொன்னா முகத்துல விபூதி பூசின மாதிரி தெரிஞ்சு போகும்னு, மாணிக்கப்பா ஆயிட்டாரு. கம்பெனியில, கடையில, தெருவுல, எங்கயும் மாணிக்கப்பா. அவரோட அப்பா ஆசையா வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும் பத்திரமா இருந்துச்சு.

அஷ்வினிக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. அவ ஏற்கெனவே கன்னடத்துலதான் கனவு கண்டுக்கிட்டிருந்தா. அம்மா தமிழ்ல கேட்டா கன்னடத்துல பதில் சொல்வா. கஷ்டம் எல்லாம் சரசுவுக்குத்தான். வாய் நிறையப் பேசிப் பழகின பொம்பளை. காந்திநகர்ல தண்ணிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் பேசினவ. கடையில காய் வாங்கற அளவுக்கு அவளுக்குக் கன்னடம் வரும், மனசுல இருக்கறதைச் சொல்ல வராது. கத்திரிக்காய் சொத்தைன்னு சொல்லலாம். ராத்திரி தூக்கம் வரலை, காரணம் தெரியலைன்னு அந்தக் கன்னடத்துல எப்படிச் சொல்றது?

பக்கத்து வீட்டுக்கு அந்த வருஷமே மல்லப்பனும் அவரு பொண்டாட்டி மாதம்மாவும் குடி வந்தாங்க. மல்லப்பனுக்கு ஊதுபத்தி கம்பெனியில வேலை. எந்த ஊருன்னு கேட்டதுக்கு, கொள்ளேகாலம்னு கன்னடத்துல சொன்னாரு. மல்லப்பன், மாதம்மா. அந்தப் பக்கம் இந்தப் பேரு கன்னடக்காரங்களுக்கும் உண்டு, தமிழாளுங்களுக்கும் உண்டு. மாணிக்கவாசகம் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம, சுத்தமான கன்னடக் குடும்பம், ஜாக்கிரதைன்னு சரசுகிட்ட சொல்லிட்டாரு. அவங்க பேசற கன்னடம் கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு. கொள்ளேகாலத்துக் கன்னடம் அப்படித்தான் இருக்கும்னு விளக்கம் வேற. இவரு கன்னடம் எவ்வளவு கோணல்னு இவருக்கு எங்க தெரியப் போவுது?

மூணு வருஷமா ரெண்டு பொம்பளைங்களும் துணி காயப் போடற கொடியடியில பேசிக்கிட்ட பேச்சு மொத்தமும் இதுதான். "ஊட்டா ஆய்த்தா?"ன்னு ஒருத்தி கேப்பா, சாப்பாடு ஆச்சான்னு அர்த்தம். "ஆய்த்து"ன்னு இன்னொருத்தி சொல்வா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு, சொல்ல வந்ததை எல்லாம் முழுங்கிட்டு, ஈரத்துணியை உதறுவாங்க.

சங்கராந்தி வந்தா இன்னும் கூத்து. மைசூர்ல அன்னைக்கு எள்ளையும் வெல்லத்தையும் கலந்து வீடு வீடா கொடுத்து, இதைத் தின்னு நல்ல வார்த்தை பேசுன்னு சொல்றது பழக்கம். சரசுவுக்கு அதைச் செய்யத் தெரியாது. தேவராஜா மார்க்கெட்ல பொட்டலமா வாங்கி, பித்தளைத் தட்டுல கொட்டி, வீட்டுல செஞ்ச மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் போய் மாதம்மாகிட்ட கொடுப்பா. மாதம்மாவும் ஒரு தட்டு கொடுப்பா. அதுவும் அதே கடைப் பொட்டலம். மாணிக்கவாசகம் ஒரு வாய் போட்டுக்கிட்டு, என்ன இருந்தாலும் கன்னடக்காரங்க கைப்பக்குவமே தனிம்பாரு. அதுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, அடுப்புல பானையை ஏத்தி, பால் பொங்கி வர்ற நேரத்துக்குக் குடும்பமே குனிஞ்சு ரகசியம் பேசற குரல்ல "பொங்கலோ பொங்கல்"னு சொல்லும். சுவத்துக்கு அந்தப் பக்கமும் ஜன்னலைச் சாத்தி அதே பொங்கல், அதே ரகசியம். சூரியன் கேட்டிருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருக்கும்.

சுவத்துக்கும் காது உண்டும்பாங்க. இந்தச் சுவத்துக்கு ரெண்டு பக்கமும் காது மட்டும்தான், வாயே கிடையாது. ஒரு சாயங்காலம் மாணிக்கவாசகம் ரேடியோவைக் காதுல ஒட்டி வச்சுத் தமிழ்ச் செய்தி கேட்டுக்கிட்டிருந்தாரு. சுவத்துக்குள்ள இருந்தும் அதே செய்தி மெல்ல வர்ற மாதிரி இருந்துச்சு. அடுத்த வீட்டுக்குக் கேக்குதுன்னு பதறிப்போய் டக்குனு நிறுத்தினாரு. சுவத்துல வந்த சத்தமும் அப்படியே நின்னுச்சு. பாத்தியா, நம்ம ரேடியோவோட எதிரொலிதான், சோதனை பண்ணிப் பாத்துட்டேன்னு சரசுகிட்ட பெருமையாச் சொன்னாரு. அந்தப் பக்கம் மல்லப்பனும் தன் ரேடியோதான் எதிரொலிக்குதுன்னு அதே நேரத்துல பதறி நிறுத்தினாருங்கறது வானத்துக்கே காது வச்ச விஞ்ஞானிக்குத் தெரியாமப் போச்சு.

இதுக்கு நடுவுல சரசு பேச ஒரு ஆளு பிடிச்சிருந்தா. சொர்ணலதாம்மாவோட பசு கௌரிதான் அது. காலையில அரிசி கழுவின தண்ணியைக் கொண்டு போய் தொட்டியில ஊத்தற சாக்குல, கொட்டகையில நின்னு, அதோட கழுத்தைத் தடவிக்கிட்டே மெதுவா, "சாப்டியா கண்ணு? ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது?"ன்னு கேப்பா. தினமும் அதே கேள்விதான். பசு நல்லாத்தான் கொழுகொழுன்னு இருக்கும், அதோட மூஞ்சிக்கு ஒரு வாட்டமும் கிடையாது. யாராவது தன்னைக் கேக்க மாட்டாங்களாங்கற கேள்வியை அவ பசுகிட்ட கேட்டுக்கிட்டிருந்தா. கேட்டு முடிச்சதும் அவளே பதிலும் சொல்லிக்குவா. அஷ்வினி தன்கிட்ட தமிழ் பேசறதை விட்டுட்டதையும், தான் தூக்கத்துல உளறினாக்கூட மாணிக்கவாசகம் எழுப்பி வாயைப் பொத்தறதையும் கேட்டுக்கிட்டு கௌரி வாலை ஆட்டும்.

ஒருநாள் சாயங்காலம் சோறு போட்டுக்கிட்டே சரசு தீர்மானமாச் சொல்லிட்டா. "எனக்கு வாய் விட்டுப் பேச ஒரு ஆளு வேணுமுங்க. ஒரே ஒரு ஆளு. இல்லாட்டி அஷ்வினி பரீட்சை முடிஞ்சதும் நான் கௌதள்ளிக்குப் போயிடறேன். உங்கம்மா இருந்தாலும் பரவாயில்லை, திட்டறதையாச்சும் தமிழ்ல திட்டுவாங்க."

மாமியாரைத் தேடிப் போறேன்னு ஒரு மருமக சொல்றான்னா நிலைமை எவ்வளவு மோசம்னு எந்தப் புருஷனுக்கும் விளங்கும். மாணிக்கவாசகம் பாதிச் சோத்தோட எழுந்துட்டாரு. கொஞ்சம் கடுகடுப்பான மனுஷன்தான், ஆனா அவ இல்லாத வீட்டை அவரால நினைச்சுப் பாக்க முடியலை. அக்கம்பக்கத்துல தமிழாளுங்க இருக்காங்களான்னு விசாரிச்சே தீர்றதுன்னு கிளம்பினாரு.

விசாரிச்ச அழகைத்தான் கேக்கணும். தமிழ்ல கேட்டா தான் யாருன்னு தெரிஞ்சிடுமே? அதனால நெத்தி விபூதியைத் துடைச்சுக்கிட்டு, மீசையை முறுக்கிக்கிட்டு, தெரு தெருவாப் போய், இங்க தமிழனுங்க யாராச்சும் இருக்கானுங்களான்னு கன்னடத்துல, அதுவும் போலீஸ் மாதிரி அதட்டலாக் கேட்டாரு. கேட்டவங்க எல்லாரும் இல்லைன்னாங்க. அவரு தெருவுலயே நாலாவது வீட்டுக்காரன் கதவைக்கூட முழுசாத் திறக்காம இல்லைன்னான். பக்கத்து வீட்டு மல்லப்பனுக்கு முகம் வெளுத்துப்போச்சு. அப்படி ஒருத்தனும் இந்தப் பக்கமே கிடையாது, சத்தியமாக் கிடையாதுன்னு கன்னடத்துல சொன்னாரு. எவ்வளவு உறுதியாச் சொல்றாரு பாருன்னு மாணிக்கவாசகத்துக்குத் திருப்தி. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இவரு வெண்ணெயையே கூப்பிட்டு மிரட்டி, நீ வெண்ணெய் இல்லைதானேன்னு கேட்டுட்டு வந்தவரு.

நல்லா அலசிட்டேன், கொப்பல்ல நம்மளைத் தவிர ஒரு தமிழ் நாக்கு கிடையாதுன்னு சரசுகிட்ட சொன்னாரு.  மறுநாள் அவ கௌரிகிட்டக்கூடப் பேசலை. தண்ணியை ஊத்திட்டு வந்துட்டா. அன்னைக்கு டீக்கடையில மாணிக்கவாசகம் சொன்னாரு, வானத்துலயும் இப்படித்தான், நல்லாத் தேடியாச்சு, எவனும் இல்லை, நாம தனியாத்தான் இருக்கோம்னு. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிப் போச்சு. ஆராய்ச்சி அன்னைக்கு சீக்கிரமே முடிஞ்சது.

அதுக்குப் பிறகு மல்லப்பன் இவரைக் கண்டா ஒதுங்க ஆரம்பிச்சாரு. மாதம்மா கொடியடிக்கே வர்றதில்லை, துணியை வீட்டுக்குள்ளயே காயப் போட்டுக்கிட்டா. இருந்த ஒரு "ஊட்டா ஆய்த்தா"வும் போச்சு. சரசு டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைச்சு வெயில்ல வச்சா. பாக்காத மாதிரி மாணிக்கவாசகம் சைக்கிளைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஒருநாள் மல்லப்பன் வீட்டைக் காலி பண்றாருன்னு சொர்ணலதாம்மா சொன்னாங்க. வேலையையும் விட்டாச்சாம், மேட்டூர்ல மச்சான் கடையில நிக்கப் போறாராம். கன்னடக்காரருக்கு மேட்டூர்ல என்ன மச்சான்னு ஒரு கேள்வி வரணுமா இல்லையா? நம்ம விஞ்ஞானிக்கு வரலை.

லாரி வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை. மாதேஸ்வரன் மலை வழியாப் போகணும், காட்டு எல்லையில இருக்கற பாலாறு செக்போஸ்ட்டை இருட்டறதுக்குள்ள தாண்டணும்னு டிரைவர் வந்ததுல இருந்து ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்தான். சாமான் எல்லாம் ஏத்தியாச்சு, ஆட்டுக்கல் ஒண்ணுதான் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரன்னு ஒரு முறை இருக்கே, மாணிக்கவாசகமும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு கை கொடுக்கப் போனாரு. இந்தப் பக்கம் இவரு, அந்தப் பக்கம் மல்லப்பன். லாரிப் பலகை வரைக்கும் தூக்கியாச்சு. அங்க கல்லு வழுக்கிச்சு.

"ஐயையோ, விட்டுறாதீங்க, கெட்டியாப் புடிங்க"ன்னு மாணிக்கவாசகம் கத்தினாரு.

"நான் எங்கீங்க விட்டேன், நீங்கதான் கையை எடுத்தீங்க"ன்னு மல்லப்பன் கத்தினாரு.

ரெண்டும் தமிழ். அதுவும் ஹனூர்ப் பக்கம் வீடுகள்ல கேக்கற அசல் தமிழ். கல்லை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. கீழயும் வைக்கலை, மேலயும் ஏத்தலை. டிரைவர் ஹாரனை நிறுத்திட்டு எட்டிப் பாத்தான். கல்லை முதல்ல ஏத்தித் தொலைங்கன்னு அவன்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

ஏத்திட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, மல்லப்பன் மெதுவாக் கேட்டாரு. "நீங்க தமிழுங்களா? அப்புறம் எதுக்குங்க அன்னைக்கு வீடு வீடா வந்து அப்படிக் கேட்டீங்க? ஆளுங்களைக் கணக்கெடுக்கறீங்கன்னு நெனச்சு, அன்னைக்கிருந்து மாதம்மா ராத்திரி தூங்கலைங்க. அதனாலதான் இந்தக் காலி பண்றதே."

 இத்தனை நாளா வானத்துல ஒளிஞ்சிருக்கறவங்க எல்லாம் யாருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காங்கன்னு டீக்கடையில கேப்பாங்க. மாணிக்கவாசகத்துக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சது. அவருக்குப் பயந்துதான்.

சத்தம் கேட்டு சரசு ஓடி வந்தா. அந்த வீட்டுல இருந்து மாதம்மா விளக்குமாத்தோட வெளிய வந்தா. புருஷனுங்க தமிழ்ல பேசிக்கிட்டு நின்ன நிலையைப் பாத்தே அவளுகளுக்கு விளங்கிப் போச்சு. "அடிப் பாவி, நீயுமா?"ன்னு சரசு கேட்டா. மாதம்மா விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் பேசினாங்க பாருங்க, அது ஒரு பேச்சு. ஒருத்தி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தி, மூச்சு விட நேரமில்லை. முக்கியமான சங்கதி ஒண்ணும் கிடையாது. புளி எங்க வாங்கறே, உனக்கும் இடுப்பு வலியா, மாதேஸ்வரன் மலைக்கு எந்த மாசம் போவீங்க, உங்க சின்னம்மா எங்க சித்தி ஊருல கட்டிக் கொடுத்தவதானேன்னு. மூணு வருஷத்துப் பேச்சை லாரி கிளம்பற நேரத்துக்குள்ள பேசித் தீக்கப் பாத்தாளுக. தீருமா அது?

போக வேண்டாம்னு சொல்லலாமான்னு மாணிக்கவாசகம் வாயைத் திறந்தாரு. எதைச் சொல்லி நிறுத்தறது? வேலையை விட்டாச்சு, மேட்டூர்ல வீடு பிடிச்சாச்சு, இந்த வீட்டுக்கு வேற ஆளு முன்பணம் கொடுத்தாச்சு. டிரைவர் பாலாறு பாலாறுன்னு உயிரை எடுத்தான். மன்னிச்சுக்குங்கன்னு மட்டும் சொன்னாரு. மல்லப்பன், "நானும்தானுங்களே வாயைத் திறக்கலை"ன்னு சொல்லிட்டு லாரியில ஏறினாரு. மாதம்மா முந்தானையைக் கண்ணுல வச்சுக்கிட்டே ஏறினா. லாரி தெருமுனை திரும்பற வரைக்கும் அவ தலையை வெளிய நீட்டி ஏதோ சொல்லிக்கிட்டே போனா. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை.

இதையெல்லாம் சொர்ணலதாம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்குத்தான் ஆச்சரியம் தாங்கலை. கன்னடத்துல கேட்டாங்க, அப்ப நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் சண்டைக்காரங்க இல்லையான்னு.

என்ன சண்டைன்னு மாணிக்கவாசகம் முழிச்சாரு. நீங்களும் தமிழ், அவங்களும் தமிழ், வந்த வாரமே எனக்குத் தெரியும்னாங்க அந்தம்மா. காலையில உங்க வீட்டுக்காரி எங்க கௌரிகிட்ட தமிழ் பேசறா, சாயங்காலம் மாதம்மா வந்து அதே பசுகிட்ட தமிழ் பேசறா. கொட்டகைக்குப் பக்கத்துலதானே நான் பாத்திரம் தேய்க்கறேன்? ஒரே ஊருப் பாஷை, ஒரே சுவரு, ஆனா ஒருத்திக்கொருத்தி தமிழ்ல ஒரு வார்த்தை கிடையாது. சரி, ஏதோ சொந்தக்காரங்க, பழைய பகை, நாம நடுவுல மூக்கை நுழைக்க வேண்டாம்னு இருந்துட்டேன். உங்க வீட்டுக்காரிகிட்ட ரெண்டு தடவை சாடையாச் சொல்லிக்கூடப் பாத்தேன், அந்த மாதம்மாவும் உன்னை மாதிரிதான்னு. அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பேரை வெட்டி, பொங்கலை மூடி, ரேடியோவை அமுக்கி, பொண்டாட்டி வாயைக் கட்டினாரோ, அந்தம்மாவுக்கு வந்த வாரமே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒரு ஆபத்தும் வரலை. வாடகையில அஞ்சு ரூபா கூட ஏறலை. வானத்துல இருக்கறவங்களும் ஒருவேளை நம்மளை என்னைக்கோ கண்டுபிடிச்சிருப்பாங்க. இவங்க வீட்டுக்குள்ளயே ஏதோ பகை போல, தீரட்டும்னு மரியாதையா ஒதுங்கி நிப்பாங்க. இந்தச் சித்தாந்தம் டீக்கடையில இதுவரைக்கும் வரலை. மாணிக்கவாசகத்துக்கு அதைச் சொல்ற தெம்பும் அன்னைக்கு இல்லை.

சரசு காலியான வீட்டு வாசல்ல உக்காந்துட்டா. மாதம்மா போட்டுட்டுப் போன விளக்குமாத்தை மடியில வச்சுக்கிட்டிருந்தா. அழுகை வரலை, அதுதான் பாக்கச் சகிக்கலை. மாணிக்கவாசகம் பக்கத்துல போய் நின்னாரு. டிரங்குப் பெட்டி அவரு கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. அவ போயிட்டான்னா, அந்த வீட்டுல கன்னடப் பேப்பரும் அதுக்குள்ள சுருண்ட தமிழும் அவரும்தான்.

சொர்ணலதாம்மா மெதுவா நடந்து வந்து, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு சரசுவுக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. அவ கழுத்துப் பக்கமா கையை வச்சுத் தடவினாங்க. அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான், பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே மூணு வருஷமாக் காதுல விழுந்தது. அதைக் கன்னட ராகத்துல இழுத்து, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சாங்க.

"சாப்டியா கண்ணு? ஏன் மூஞ்சி வாடிக் கெடக்குது?"

சரசு அவங்களைத் திரும்பிப் பாத்தா. அப்பதான் உடைஞ்சு அழுதா. அந்தம்மா தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டே, இல்லைங்கம்மா, இன்னும் சாப்பிடலைன்னு தமிழ்லயே பதில் சொன்னா. முழுசாப் புரியாட்டியும் அந்தம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க.

தெருவுல, அன்னைக்கு இல்லைன்னு சொன்ன அந்த நாலாவது வீட்டுக் கதவு கொஞ்சமாத் திறந்திருந்துச்சு. யாரோ உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. மாணிக்கவாசகம் அதைப் பாத்தாரு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு. கொப்பலுக்கு வந்த நாளா நேத்து வரைக்கும் வாசப்படிக்கு வெளிய அவரு வாயில வராத பாஷையில, அந்த நாலாவது வீட்டுக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னாரு.

"சரசு, நீ உக்காந்து அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டிரு. எல்லாருக்கும் நான் போய்க் காப்பி வைக்கறேன்."